எது இல்லை என்று சொன்னவர்

எங்கள் பல்கலைக்கழகக் கேன்டீனில் காபி என்ற பெயரில் ஒன்று தருவார்கள். ஒரு நாள் அதை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார் அவர். "இது டீ இல்லைங்க சார். அது வரைக்கும் உறுதியாச் சொல்லலாம்."

"அப்படியென்றால் காபியா?"

"அதுக்கு ஆதாரம் பத்தாதுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகப் பேசவில்லை என்பது எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின.

நான் அங்கே கொள்முதல் பிரிவில் துணைப் பதிவாளராக இருந்தேன். ஒப்பந்தப்புள்ளி, ஒப்பீட்டு அறிக்கை, குழுக் கூட்டக் குறிப்பு, தணிக்கைத் தடை, தடைக்குப் பதில், பதிலுக்குத் தடை என்று என் வாழ்நாள் போயிற்று. இன்ன காரியத்துக்கு இன்ன விதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. அந்த அம்மா வேதியியல் பேராசிரியர். நான் வாங்கித் தந்த கருவிகளிலேயே விலை உயர்ந்ததும், என்ன செய்கிறது என்று எவருக்கும் விளங்காததும் அவருடைய கருவிதான்.

மின்னூட்டம் ஏறிய பாலிமர் மூலக்கூறுகள் என்ன வடிவத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது அவருடைய வேலை. பாலிமர் என்பது ஒரே மாதிரியான சிறு கண்ணிகளை வரிசையாகக் கோத்த சங்கிலி. அதைக் கரைத்து, மின்னழுத்தம் கொடுத்த ஊசி முனை வழியாகத் தெளித்தால், துளிகள் காய்ந்து, சங்கிலிகள் ஒன்றிரண்டு சோடியம் அயனிகளை அணைத்தபடி தனித்தனியாக வெளிவரும். அவற்றை வாயு நிரப்பிய குழாய்க்குள் மின்புலத்தால் இழுப்பார்கள். சுருண்டு கிடக்கும் மூலக்கூறு வாயுவை அதிகம் இடிக்காமல் சீக்கிரம் வந்துவிடும். விரிந்து கிடப்பது இடித்து இடித்துத் தாமதமாக வரும். கடைசியில் எடை பார்க்கும் பகுதி. ஆக எடையும் தெரியும், வந்த நேரமும் தெரியும். அந்த நேரத்திலிருந்து, உருவம் எவ்வளவு பெரிது என்று சொல்லும் ஓர் எண்ணைக் கணக்கிடலாம். மோதல் பரப்பு என்று அதைச் சொல்வார்.

இதைக் கொள்முதல் குழுவுக்கு அவர் விளக்கிய விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சேலம் பஸ் ஸ்டாண்டுல தீவாளிக் கூட்டம்னு வெச்சுக்குங்க. கையைக் கட்டிட்டு வர்ற ஆளு சுளுவா வந்துருவான். ரெண்டு கையிலயும் பையைத் தொங்கவிட்டு வர்றவன் அத்தனை பேரையும் இடிச்சுட்டுத்தான் வருவான். நாம வெளியில நிக்கறோம். ஆள் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் கழிச்சு வந்தான்கறது மட்டுந்தான் தெரியும்."

துணைவேந்தர் மகிழ்ந்துபோனார். "அதை வச்சு ஆள் எப்படின்னு கண்டுபிடிச்சிடுவீங்க!"

"இல்லைங்க. ஆள் எப்படி இல்லைன்னு கண்டுபிடிப்போம்."

எல்லோரும் கோப்பைப் புரட்டினார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் தேநீர் இடைவேளை அறிவிப்பது என் பொறுப்பு. அறிவித்தேன். கருவி அடுத்த ஆண்டுதான் வந்தது.

வந்த பிறகு ஒரு சிலிண்டரால் எங்களுக்குள் சண்டை. ஹீலியம் கேட்டிருந்தார், விலைக் குறைவு என்று குழு நைட்ரஜனை அனுமதித்தது. கோப்போடு என் அறைக்கு வந்தார். "ஹீலியத்துல வந்த எண்ணையும் நைட்ரஜன்ல வந்த எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கக் கூடாதுங்க சார். பெரிய வாயு, பெரிய இடி. சாமான் அதேதான், எண்ணு வேற. அறியாத ஆள் பாத்தா வடிவம் மாறிருச்சும்பான்." விதியில் இதற்கு இடமில்லை என்றேன். விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, "இடம் இல்லைன்னு இதுல எழுதலைங்களே" என்றார். அதுவும் உண்மைதான். ஹீலியம் வந்தது.

அவருடைய குணம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. ஒரு வடிவத்தைக் கணினியில் வரைந்து, அதன் மோதல் பரப்பைக் கணக்கிட்டு, கருவி தந்த எண்ணோடு ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் அந்த வடிவத்தைத் தூக்கி எறியலாம். பொருந்திவிட்டால்? மற்றவர்கள் இனிப்பு வாங்குவார்கள். அவர், "தூக்கி எறிய முடியலை, அவ்வளவுதான்" என்பார். ஒரே எண் பல வடிவங்களுக்கு வரும். பொருந்துவது ஒன்று, அதுவாகவே இருப்பது வேறொன்று என்பதை நாளுக்கு நாலு முறையாவது யாரிடமாவது சொல்வார்.

அவரிடம் ஆய்வு செய்த ஒருவர், தன் மூலக்கூறு சுருள்வில் போல இருப்பதாக வண்ணப்படம் வரைந்து கொண்டுவந்தார். எண் அச்சாகப் பொருந்தியது. பேராசிரியர் ஒரு வாரம் உட்கார்ந்து, அதே எண் வரும்படியாக வேறு சில கோணல்மாணலான உருவங்களை உண்டாக்கி, அச்செடுத்து, ஆய்வக அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். "இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வாங்க. அப்புறம் உங்க ஸ்பிரிங்கைப் பத்திப் பேசலாம்." அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு பிடித்தது. கடைசிவரை இரண்டு உருவங்கள் பலகையை விட்டு இறங்கவில்லை. ஆய்வேடு அந்த இரண்டையும் சொல்லி முடிந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர், "ரெண்டுல எது?" என்று கேட்டபோது, மாணவர் தன் வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி விட்டத்தைப் பார்த்தார்.

ஆண்டறிக்கையில் 'துறையின் சாதனைகள்' என்று ஒரு பத்தி உண்டு. அவர் எழுதி அனுப்பியது: 'மூன்று வடிவங்கள் இல்லை என்று காட்டப்பட்டது.' அதை அப்படியே அச்சிட்டேன். என் பணிக்காலத்தில் வெளிவந்த ஆண்டறிக்கைகளில் பொய்யில்லாத வரி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஆலைக்காரர் வந்தார். தன் சரக்கின் சங்கிலிகள் கிளையில்லாமல் நேராக இருக்கின்றன என்று சான்று வேண்டும் அவருக்கு.

"ஏனுங்க மேடம், நேரா இருக்குதுன்னு ஒரு வரி எழுதறதுல உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

"நேரா இல்லைன்னு சொல்றதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்லைங்க. வேணும்னா அதை எழுதித் தாரேன்."

ஆலைக்காரர் என் அறைக்கு வந்து, "இந்தம்மாவுக்கு ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

வீட்டில் பிரச்சினைக்கு ஆளே இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. மல்லசமுத்திரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் தம்பி குடும்பம் இருந்தது. தம்பி, தம்பியின் மனைவி, கைக்குழந்தையாக ஒரு மகள். தம்பி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். அந்தப் பக்கத்து ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஓட்டை போடுகின்றன. வடக்கே மாதக்கணக்கில் நிற்பார்கள், பண்டிகைக்கு வருவார்கள். ஒரு முறை அந்தத் தம்பி வண்டியோடு வடக்கே போகிற வழியில் எங்கள் வாசலில் நிறுத்தி, அக்காவுக்கு ஒரு பை நிலக்கடலை கொடுக்க ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். நெடுநெடுவென்று உயரம். கருவியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன்க்கா, இன்னமும் ஊசியில தண்ணி தெளிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கறயா? நாங்க ஆயிரம் அடி எறக்குனாலும் தண்ணி இருக்குதா இல்லையான்னு அன்னிக்குப் பொழுதுக்கே சொல்லீருவோம்."

"இல்லாத எடத்துலயும் இருக்குதுன்னுதானே சொல்லுவீங்க?"

"அது ஓனர் சொல்றதுக்கா. நாங்க ஓட்டை மட்டுந்தான் போடுவோம்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "சார், எங்கக்காகிட்ட நான் அதுக்குத் தம்பியான்னு கேட்டுப் பாருங்க. ஆமாங்காது. அண்ணன் இல்லைன்னு வேணா சொல்லும்."

அன்றைக்குத்தான் பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது. அவர் எதையாவது ஐயமில்லாமல், மகிழ்ச்சியோடு சொல்லிக் கேட்டதும் ஒரே விஷயத்தில்தான். "ஒரு சோடியம் இருக்கற வரைக்கும் சங்கிலி அதைச் சுத்திப் பந்து மாதிரிச் சுருண்டுக்குமுங்க. இன்னொண்ணு ஏறுனா ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும். இன்னும் ஏத்துனா ஒரு கட்டத்துல தாங்காது. பொசுக்குன்னு விரிஞ்சுரும்." இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் குவித்து வைத்திருந்து, விரிப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு, ஒரு மழைக்காலத்தில் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், உங்களுக்கு இந்தி தெரியுமில்லைங்க? மத்தியப் பிரதேசம் வரைக்கும் என்கூட வர முடியுங்களா?"

தம்பியின் வண்டி அங்கே ஒரு சிற்றூருக்கு வெளியே நின்றிருந்தது. உதிரிப்பாகம் வாங்க நடந்து போனவர், ஓடையில் வெள்ளம் வந்த மாலையில் திரும்பவில்லை. சில நாள் தேடினார்கள். பிறகு வெகுதூரம் தள்ளி ஒரு தடுப்பணையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது என்று காவல் நிலையத்திலிருந்து தகவல். யாராவது வந்து அடையாளம் காட்ட வேண்டும்.

நான் இளமையில் வடக்கே மத்திய அரசு அலுவலகங்களில் குப்பை கொட்டியவன். மொழியும் தெரியும், முறையும் தெரியும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

முறை எளிமையானது. உறவினர் உடலைப் பார்த்து, இவர் இன்னார் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிரேதப் பரிசோதனைச் சான்றையும் உடலையும் தருவார்கள். காவல் ஆய்வாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். மருத்துவமனையில் குளிர்பதனப் பெட்டி ஓடவில்லை. பழுது பார்க்க ஒப்பந்தப்புள்ளி கோரியிருப்பதாகச் சொன்னார்கள். இந்தியாவில் எங்கே போனாலும் எனக்கு அந்நியமாகத் தோன்றாத வாக்கியம் அது.

தண்ணீரும் மீனும் முகத்தை விட்டுவைக்கவில்லை. உயரம் சரியாக இருந்தது. ரிக் முதலாளி எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும் நீலச் சட்டை. இடுப்பில் வெள்ளி அரைஞாண். அவர் பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை. வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எல்லாம் பொருந்துகிறதே என்கிறார் ஆய்வாளர்," என்று மொழிபெயர்த்தேன்.

"பொருந்துதுங்க. எங்க பக்கத்து ஆம்பளை யாரைக் கொண்டாந்து போட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதே முதலாளியின் இன்னொரு வண்டி பக்கத்துத் தாலுகாவில் நின்றது. அதில் வேலை பார்த்த ஓர் ஆளையும் அதே வெள்ளத்திலிருந்து காணவில்லை. அவரும் நாமக்கல் பக்கத்துக்காரர். ஏறக்குறைய அதே வயது, அதே உயரம், அதே நீலச் சட்டை.

"நான் கையெழுத்துப் போட்டுத் தூக்கிட்டுப் போயிட்டா, அந்த ஊட்டுல யாரை வந்து பாப்பாங்க சார்?"

அதை ஆய்வாளருக்கு மொழிபெயர்த்தேன். அந்த நேரத்தில் தம்பியின் மனைவியிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் கை தவறி ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார், எனக்கும் கேட்டது. நாத்தனாரை நங்கையா என்றுதான் அந்தப் பெண் கூப்பிடுவாள்.

"நங்கையா, அவருங்களா?"

"தெரியலை சாமி."

"தெரியலைன்னா? மூஞ்சி?"

"மூஞ்சி இல்லை சாமி."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழந்தை அழுதது.

"எப்படி இருந்தாலும் ஊட்டுக்குக் கொண்டாந்துருங்க நங்கையா."

"வேற ஆளா இருந்தா?"

"இருந்துட்டுப் போகுது. அனாதையாப் போகறதுக்கு நம்ம வாசல்ல இருந்து போகட்டும். நான் அழுதுக்கறேன்."

"அப்படிச் செய்யக் கூடாது சாமி. நாளைக்கு அவன் நடந்து வந்தான்னா?"

"வந்தா நல்லதுங்களே!" என்று அந்தப் பெண் கத்தினாள். இணைப்பு அறுந்தது.

அவர் கையெழுத்திடவில்லை. மரபணுச் சோதனை கேட்டார். பல்லும் எலும்பும் எடுத்து வைத்தார்கள். ஒப்பிட அவருடைய இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஆய்வாளர். "என்னுதை எடுத்தா இருக்கலாம்னுதான் வருமுங்க. அவன் குழந்தையோடதை எடுக்கச் சொல்லுங்க" என்றார். மருத்துவர் அது சரிதான் என்றார். உடலை வைத்திருக்க முடியாது, முடிவு வரும்வரை புதைத்து அடையாளம் நட்டு வைப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விதியும் அதுதான். நாங்கள் கிளம்பி வந்த சில நாட்களில், மண் ஈரமாக இருந்ததாலோ ஆள் கிடைக்காததாலோ, ஏதோ ஒரு தரும அமைப்பு மற்ற கேட்பாரற்ற உடல்களோடு அதையும் ஆற்றங்கரையில் எரித்துவிட்டது. கேட்டபோது வருந்துகிறோம் என்று பதில் வந்தது. வரிசை எண்ணோடு, முறையான பதில்.

திருச்செங்கோட்டு மருத்துவமனையில் குழந்தைக்கு இரத்தம் எடுத்தபோதும் நான் கூட இருந்தேன். தாய் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டது. அவள் நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுலயும் உங்களுக்கு நம்பிக்கை வரலைன்னா, அடுத்தாப்பல இவகிட்ட என்னத்தை எடுப்பீங்க நங்கையா?"

அவர் பஞ்சை வாங்கிக் குழந்தையின் கையில் வைத்து அழுத்தினார்.

பிறகு காத்திருப்பு. தடய அறிவியல் கூடங்களில் வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் தாலியோடு இருந்தாள், பொட்டு வைத்தாள், பூ மட்டும் தானாக நின்றுபோயிற்று. வளைகாப்புக்கு அவளை அழைக்கலாமா கூடாதா என்று ஊர் தவித்தது. அழைக்காமல் விட்டார்கள். துக்கம் கேட்டும் யாரும் வரவில்லை; எதற்கென்று வருவது? இருக்கிறவனுக்கான மரியாதையும் இறந்தவனுக்கான மரியாதையும் அந்த வீட்டுக்கு ஒருசேர இல்லாமல் போயின. சந்தையில் ஒருத்தி, "ஒங்க நாத்தனா படிச்ச படிப்புக்கு, புருசன் செத்தானான்னுகூடத் தெரிஞ்சுக்க முடியாமப் போச்சே உனக்கு" என்று கேட்டாளாம். இதை எனக்குச் சொன்னவர் பேராசிரியரேதான், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல்.

தைக்குப் பிறகு ஒரு செய்தி வந்தது. காணாமல் போன அந்த இன்னொரு ரிக் ஆள் ஊர்த் திருவிழாவுக்கு வந்து இறங்கிவிட்டார். முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் வேறு மாநிலத்துக்குப் போய்ப் பிழைத்திருக்கிறார். நான் ஆய்வகத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர் அப்போது ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஒண்ணைத் தூக்கிப் போட்டாச்சு," என்றார்.

"மேடம்..."

"அதனாலேயே இது அவன்னு ஆயிராதுங்க சார்."

நான் அவரைப் பார்க்கப் பயந்து, கருவியைப் பார்த்தேன். அதுவரை அவருடைய கண்டிப்பை நான் மதித்துவந்தேன். அன்றைக்கு, அது கண்டிப்புதானா, அல்லது தம்பி சாவதைத் தள்ளிப்போட ஓர் அக்காவுக்குக் கிடைத்த கருவியா என்று சந்தேகம் வந்தது. எதையும் முடிவாகச் சொல்லாமலிருக்கப் பழகியவர், ஒருவனை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் உயிரோடு வைத்திருக்கலாம்.

அறிக்கை கோடையில் வந்தது. உள்ளூர்க் காவல் நிலையத்தில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சுற்றி வளைக்காத அறிக்கை. எலும்புக்கு உரியவர் இந்தக் குழந்தையின் தகப்பன். அவர் அதை வரி வரியாகப் படித்தார். சோதனை முறையைப் படித்தார், மாதிரி எண்ணைச் சரிபார்த்தார், அடிக்குறிப்பைப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இதுல குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க" என்றார்.

அங்கிருந்து தம்பி வீட்டுக்குப் போனோம். வெயில் கொளுத்தியது. அந்தப் பெண் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. அழுகையை எல்லாம் போன மழைக்காலத்திலேயே செலவழித்துவிட்டாள் போலிருக்கிறது. உள்ளே போய் எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"நங்கையா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு அங்க பாத்தீங்களே. தூக்கி வளத்தவீங்க நீங்க. உங்களுக்கு நெசமாவே தெரியலைங்களா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுது சாமி. துணியை எடுக்கறதுக்கு முன்னாடியே, கதவுகிட்ட நிக்கும்போதே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏனுங்க?"

"அது எனக்குத் தெரிஞ்சது. அத்தனைதான். அளந்தது இல்லையே."

அந்தப் பெண் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க பண்ணுனது சரிதானுங்க. படிச்சவீங்க, சரியாத்தான் இருக்கும்," என்றாள். காலி சொம்பை எடுத்துக்கொண்டாள். "காரியத்துக்கு மட்டும் வந்துறாதீங்க."

"சரி சாமி," என்றார் அவர்.

பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது, ஹீலியம் சிலிண்டர் தீரப்போகிறது, புதுசுக்கு எழுதிவிடலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் எழுதிய விருப்ப ஓய்வு விண்ணப்பமும், நிர்வாகப் பிரிவையும் அப்போது நான் கூடுதலாகப் பார்த்ததால், என் மேசைக்குத்தான் வந்தது. காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதை நிரப்பாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை, மேலே தள்ளிவிட்டேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

காரியத்துக்கு நான் போனேன். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் உண்டு. செய்துவைக்க வந்தவர் வாசலில் உட்கார்ந்து, பழகிய கையோடு புல்லைக் கட்டித் தலை, உடம்பு, கைகால் என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஆண்கள் தூக்கிப் போகத் தயாராக நின்றார்கள். அந்தப் பெண் கதவோரமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை பேசாதவள் திடீரென்று, "அவரு இன்னும் நெட்டைங்க" என்றாள்.

செய்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபேச்சு பேசாமல் இரண்டு கால்களையும் அவிழ்த்து, இன்னும் ஒரு பிடி புல் சேர்த்து நீட்டிக் கட்டினார்.

"இப்பச் சரிங்களா?"

அவள் வெளியே வந்து, தலையிலிருந்து கால்வரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். தூக்கிக்கொண்டு போனார்கள்.